ஓமலூருக்கு ஒரு பாய்மரப் படகு

ஏங்கண்ணு, பாய்மரப் படகு வாங்கப் போறயாமா? அதுவும் ஓமலூர்ல இருந்துக்கிட்டு! சிரிக்கலப்பா, சொல்லு. மேச்சேரி தாண்டுனா மேட்டூரு. 1934-ல கட்டி முடிச்ச அணை, 120 அடிக்குத் தண்ணி நிக்கும். ஆசையில தப்பில்ல. ஆனா போன்ல ஒண்ணு காட்டுனியே, 22 அடி நீளத்துல, அதைப் பாத்துத்தான் வயிறு வலிச்சுது. படுக்க ரூமாம், காஸ் அடுப்பாம், மூலையில கக்கூசாம். வீட்டுலயே அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்காதவன், தண்ணி மேல போயி என்னத்த ஆக்கப் போற?

ஒத்தையாளாப் போறவனுக்குப் பாதிக் கஷ்டம் கரையிலதான் கண்ணு. டிரெய்லரப் பின்னால தள்ளிப் பாத்திருக்கியா? ஸ்டேரிங்க வலது பக்கம் ஒடிச்சா, அது இடது பக்கம் போவும். கரும்பு ஏத்தற டிராக்டர்காரப் பசங்களுக்கு அது கைப்பழக்கம். நீ கேமரா பீப் பீப்னு கத்துனாத்தான் காரையே பின்னால எடுப்ப. அப்பறம் பாய்மரம். அவ்வளவு பெரிய படகுன்னா அதை நட்டமா நிறுத்தி, சுத்தியும் கம்பி இழுத்துக் கட்டோணும். அலுமினியம் வேற. மேல கரண்டு கம்பி போவுதான்னு பாக்காம நிமுத்துனா, மாலைக்கும் சேத்தே சொல்லி வெச்சரலாம்.

லேசர்னு ஒரு படகு இருக்குது, இப்ப ஐஎல்சிஏன்னு பேர மாத்திட்டாங்க. நீளம் 4.2 மீட்டரு. வெறும் படகு 59 கிலோதான். சின்னத் தள்ளுவண்டியில வெச்சா நீயே தண்ணிக்குத் தள்ளிரலாம். மரம் ரெண்டு துண்டு. ஒண்ணுல ஒண்ணு சொருகி, குழியில நட்டா நின்னுக்கும். கம்பியுமில்ல, கட்டுமில்ல. ஒரே பாயி, அதைப் பிடிக்க ஒரு கயிறு. அதே படகுக்கு மூணு அளவுல பாயி வரும்: 7.06, 5.76, 4.7 சதுர மீட்டரு. சென்னைப் புள்ள நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனது நடுப் பாயிலதான். நீ? பெருசுதான் வேணும்ப. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, நீ எந்த மூலைக்கு? கவுருமான்னு கேக்காத, கவுரும். அடிப்பலகை மேல ஏறி நின்னு நிமுத்தோணும். மிதவைச் சட்டையப் போட்டுக்க, போட்டோவுக்கு மட்டுமில்ல.

அந்த அடிப்பலகைதான் முக்கியம். மேல தூக்கறாப்ல இருக்கோணும். மேட்டூர்த் தண்ணி ஒரே மட்டத்துலயா நிக்குது? எறங்கிப் போச்சுன்னா பண்ணவாடியில முங்கிக் கெடக்கற நந்தியே தலையத் தூக்கிப் பாக்கும். இரும்புத் துடுப்பு அடியில நிரந்தரமா நீட்டிக்கிட்டு நின்னா முங்குன பழைய ஊருச் செவுத்துல மோதி நிக்க வேண்டியதுதான்.

அபிலாஷ் டோமி ஒத்தையாளா 56 அடிப் படகுல ஒலகத்தையே சுத்தி வரலையான்னு கேப்ப. வந்தாரு, நெசந்தான். 2012 நவம்பர்ல மும்பைல கெளம்பி, 2013 மார்ச்சுல வந்து சேந்தாரு. அவரு அப்பக் கடற்படையில இருந்தவரு கண்ணு. அதுவுமில்லாம, அந்த மாதேயிப் படகைத் தாரமங்கலம் ரோட்டுல இழுத்துக்கிட்டா போனாரு?

மேட்டூர்லயே பரிசல்காரனப் பாரு. மூங்கிலப் பின்னி, அடியில தோலுக்குப் பதிலா பிளாஸ்டிக்கு. சோலி முடிஞ்சா தலையில கவுத்துக்கிட்டு வீட்டுக்கு நடையக் கட்டிருவான்.

சரி, அணைத் தண்ணியில எறங்க அனுமதி கேட்டியா? மொதல்ல சென்னைக்குப் போயி ராயல் மெட்ராஸ் யாட் கிளப்புல, ஆரு படகுலயாவது ஏறிப் பழகு. 1911-ல இருந்து ஓட்டறாங்க, உன்ன ஒருத்தனத் தாங்க மாட்டாங்களா? அதுக்கப்பறமும் 22 அடிதான் வேணும்னா, டேப்ப எடுத்துக்கிட்டு வா. உங்க சந்து எத்தனை அடி அகலம்னு அளந்துரலாம்.