சீக்கிரமாத் தோக்குறது எப்படி?

பேராண்டி, கோவென்ட்ரியில உனக்கு வேலை கிடைச்ச சேதியைவிட, அங்க ஒரு ஸ்லாட் கார் க்ளப்புல சேந்துட்டேங்கிற சேதிதான் எனக்கு இனிச்சுது. உங்கம்மாவுக்குத்தான் பொறுக்கல. "முப்பது வயசாகப் போவுது, பொம்மைக் கார் ஓட்டப் போறானாம் மாமா, இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்"னு மூக்கைச் சிந்துறா. "அந்த ஊர்ல எழுபது வயசுக் கிழவனெல்லாம் ஓட்டுறான் தாயி, எல்லாம் கல்யாணம் ஆனவன்தான். ஆனதாலதான் ஓட்டுறான்"னு சொல்லி அனுப்பி வச்சேன்.

நீ போற வாரமெல்லாம் கடைசியாவே வர்றியாம். நல்லது. ஜெயிக்க வழி சொல்ல அங்க ஆள் நிறைய இருக்கும். ஒழுங்கா, சீக்கிரமா, பாக்குறவன் மெச்சுற மாதிரி தோக்க வழி சொல்ல நான்தான் மிச்சம். அறுபதுகள்ல அதே ஊர்ல பகலெல்லாம் கார் கம்பெனியில போல்ட் முடுக்கிட்டு, ராத்திரியில உள்ளங்கைக்குள்ள அடங்குற காரை ஓட்டினவன் சொல்றேன், கேட்டுக்கோ.

மொத வேலை, கன்ட்ரோலரை அமுக்கினா விரலை எடுக்கவே எடுக்காதே. அடிமட்டம் வரைக்கும் அழுத்திப் பிடி. நேர் பாதையில உன்னை முந்த ஒருத்தன் பொறந்து வரணும். அப்புறம் வளைவு வரும். பாதை வளையும், உன் கார் வளையாது. பாதையில வெட்டியிருக்கிற காடியை விட்டுக் கிளம்பி, பலகையைத் தாண்டி, ஓரமா உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருக்கிற பெரியவர் மடியில போய் இறங்கும். "சாரி"ன்னு சொல்லிரு. அந்த ஊர்ல மடியில கொட்டின டீயைக்கூட அந்த ஒரு வார்த்தைக்கு மன்னிச்சுருவாங்க.

கார் ஏன் வளையலன்னு கேப்பே. ஸ்டீயரிங் இருந்தாத்தானே வளையும்? மூக்குக்கு அடியில ஒரு நாக்கு தொங்குது பாரு, அது காடிக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் அது ரேஸ் கார். நாக்குக்கு ரெண்டு பக்கமும் செம்புக் கம்பிப் பின்னல் இருக்கும். அது காடியோட ரெண்டு ஓரத்துலயும் ஓடுற தகட்டை உரசிக்கிட்டே போய் 12 வோல்ட் கரண்டை மோட்டாருக்குக் குடுக்குது. உனக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு விரல். அந்த விரலை முழுசா எடுத்தேன்னு வையி, கன்ட்ரோலர் மோட்டாரோட ரெண்டு முனையையும் ஒண்ணாச் சேத்து விட்டுரும். சுத்திக்கிட்டிருக்கிற மோட்டார் தானே கரண்டு உண்டு பண்ணி, அந்தக் கரண்டாலயே தன்னை இழுத்துப் பிடிச்சு நிறுத்திக்கும். வேற பிரேக் கிடையாது.

எங்க க்ளப்புல இந்த சூட்சுமம் பிடிபட்ட ஆள் ஒரு எலக்ட்ரீஷியன். பேச்சே நிதானமா வரும். நேர் பாதையில அவரை எல்லாரும் தாண்டிப் போவாங்க. வளைவுல எல்லாரையும் தரையில பொறுக்கிக்கிட்டிருப்பாங்க, அவர் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பார். ராத்திரி முடியறப்போ ஸ்கோர் பலகையில அவர் பேருதான் மேல இருக்கும். உனக்கு இதெல்லாம் வேண்டாம். நீ அமுக்கு.

வேகத்தைப் பத்தி யாராவது கேட்டா கூச்சப்படாம பெருக்கிச் சொல்லு. கார் நெசக் காருல 32-ல ஒரு பங்கு. மணிக்கு 10 மைல் ஓடினா, 32-ஆல பெருக்கி 320 மைல்னு சொல்றது அங்க வழக்கம். எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சம்பளக் கவரை மட்டும் எவனும் பெருக்கிப் பாத்ததில்லை.

பொம்மைன்னு உங்கம்மா சொல்றதுல பாதி உண்மை இருக்கு. ஃப்ரெட் ஃபிரான்சிஸ்னு ஒரு ஆளு, மினிமாடல்ஸ்னு கம்பெனி வச்சு, 1952-ல ஸ்கேலெக்ஸ்னு பின்னால இழுத்து முறுக்கி விடுற தகரக் கார் விட்டாரு. இழுத்து விட்டா ஓடும், சுவத்துல முட்டும், நிக்கும். அவ்வளவுதான், பிள்ளைக்கு அதுல வேலையே இல்லை. வாங்குறவன் சலிச்சுப் போனான். அப்புறம் அந்த மனுசன் அதே தகரக் காருக்குள்ள மோட்டாரை வச்சு, ரப்பர் பாதையில காடி வெட்டி, 1957 ஜனவரியில ஹாரோகேட் பொம்மைச் சந்தையில ஸ்கேலெக்ஸ்ட்ரிக்னு கொண்டாந்து வச்சாரு. மசராட்டி ஒண்ணு, ஃபெராரி ஒண்ணு. கேட்ட ஆர்டருக்குச் செஞ்சு குடுத்து மாளாம, மறு வருஷமே லைன்ஸ் பிரதர்ஸ் கிட்ட வித்துட்டாரு.

மிச்சப் பாதிக்கு உங்கம்மா மேல குத்தமில்லை, அவளுக்குத் தெரியாது. கடையில பெட்டி வர்றதுக்கு முன்னாடியே, ஐம்பதுகளின் நடுவுல, சவுத்போர்ட்ல மாடல் இன்ஜினியரிங் பண்ற பெரிய மனுசங்க கிட்டத்தட்ட 60 அடி நீளத்துக்குப் பாதை போட்டு மின்சாரக் கார் ஓட்டியாச்சு. அப்ப காடி கிடையாது, மேல எழும்பி நிக்கிற தண்டவாளம். அந்தப் பாதை பிள்ளைகளுக்குப் போட்டதுன்னு நெனைக்காதே. பிள்ளைகளை அதுக்குப் பக்கத்துலயாவது விட்டிருப்பாங்களான்னு எனக்குச் சந்தேகம்.

சரி, கோவென்ட்ரிக்கு வா. நீ கம்ப்யூட்டர் முன்னால உக்கார வந்த ஊரு அப்ப எப்படி இருந்துது தெரியுமா? ஜாகுவார், ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப், ஹில்மேன், ஹம்பர், லேத்து செய்யிற ஆல்ஃப்ரெட் ஹெர்பர்ட்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் சங்கு ஊதும். லெ மான் 24 மணி நேர ரேஸ்ல 1955, 56, 57 மூணு வருஷமும் ஜாகுவார். தீயணைக்கிற பம்புக்கும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் பேர் போன கோவென்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனி இன்ஜினை வச்சு ஜாக் பிராபம் 1959, 60-லயும், ஜிம் கிளார்க் 1963, 65-லயும் உலக சாம்பியன் ஆனாங்க. திங்கக்கிழமை கேன்டீன்ல அதே பேச்சுத்தான். ஏதோ அவனவனே ஓட்டி ஜெயிச்ச மாதிரி சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்குவான்.

ஆனா ஒண்ணு கவனி. கார் ஊர்ல இருந்த எவனும் ஒரு முழுக் காரைச் செஞ்சதில்லை. என் வேலை கதவுக் கீலுக்கு போல்ட் முடுக்குறது. கதவு வரும், முடுக்குவேன், போகும். அடுத்த கதவு வரும். வருஷக்கணக்கா இதே பொழப்பு. கார் எப்படி ஓடுதுன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்? கதவு திறக்கும், மூடும், அதுக்கு நான் ஜவாப்தாரி. அந்த ஆத்திரத்தைத்தான் எல்லாரும் வியாழக்கிழமை ராத்திரி மதுக்கடை மாடியில இருந்த எங்க க்ளப்புல தீத்துக்கிட்டோம். அங்க சேசிஸ்லருந்து பெயிண்ட் வரைக்கும் ஒரே ஆள் செய்யணும்.

பித்தளைக் குழாயையும் பியானோ கம்பியையும் வெட்டி வளைச்சு, ஈயம் வச்சுப் பத்தவைச்சா சேசிஸ். மேல் கூடு கண்ணாடி மாதிரி தெரியிற மெல்லிசு பிளாஸ்டிக். அதுக்கு வெளியில பெயிண்ட் அடிச்சா முட்டுற முட்டுல உரிஞ்சுரும்னு உள்பக்கமாத்தான் அடிப்பாங்க. அதனால நம்பரையும் கோட்டையும் மொதல்ல வரைஞ்சுட்டு, மேல் நிறத்தைக் கடைசியில பூசணும். எல்லாம் தலைகீழ். ஸ்பான்ஜ் டயரை மோட்டார்லயே சுத்தவிட்டு உப்புத்தாள்ல தேய்ச்சு வட்டம் எடுக்கணும். பிடிப்புக்கு விண்டர்கிரீன் தைலம் தடவுவான் பாரு, மாடி பூரா உங்க பாட்டி முழங்காலுக்குத் தேய்ச்ச வாசம்தான். ரேஸுக்குப் போய்ட்டு வந்தவனை இடுப்புப் பிடிப்பான்னு பொண்டாட்டி விசாரிக்கும்.

சேசிஸ் செய்யறதுல டூல்ரூம் ஆளுங்களை அடிச்சுக்க முடியாது. ஒருத்தர் செஞ்சதை உள்ளங்கையில வச்சா நகை மாதிரி இருக்கும். பித்தளை கம்பெனியோடது, லேத்து கம்பெனியோடது, நேரமும் கம்பெனியோடது. சாயங்காலம் சோத்து டப்பாவுக்குள்ள உக்காந்து வாசல் தாண்டும். வாசக் காவலாளி திறந்து பாக்க மாட்டாரான்னு கேக்காதே, அவரும் க்ளப்புல மெம்பர்தான். அவருக்கும் ஒரு சேசிஸ் போகும்.

அதனால நீ உக்காந்து செய்யாதே. இருக்கிறதுலயே முறுக்கான மோட்டாரா விலைக்கு வாங்கு. எங்க க்ளப்புல ஒரு இளவட்டம் அப்படித்தான், ஆர்மேச்சர்ல சுத்தைக் குறைச்சு, தடிச்ச கம்பியில காயில் கட்டி எடுத்துட்டு வந்தான். கரண்டை மொடாக்குடியனாக் குடிச்சுது. கன்ட்ரோலர் கையில பிடிக்க முடியாத சூடு. கிளம்பினா கண்ணுக்குத் தெரியாது. மொத வளைவுல ஜன்னல் திரையில மாட்டிக்கிட்டுத் தொங்குனப்பதான் தெரிஞ்சுது.

தடத்தைக் குறை சொல்ல மறந்துராதே. ஓரத் தடம் குடுத்தா வளைவு மோசம்னு சொல்லு, நடுத் தடம் குடுத்தா கரண்டு வரலன்னு சொல்லு. எல்லாருமே எல்லாத் தடத்துலயும் ஒவ்வொரு தரம் ஓட்டித்தான் ஆகணும்கிறது விதி. அதனால உன் குறை செல்லாது. செல்லாட்டா என்ன, சொல்றதுல ஒரு சொகம் இருக்கு.

ஆனா உருப்படியாத் தோக்கணும்னா ஒரே மருந்து, மார்ஷல் வேலைக்கு நிக்காதே. நீ ஓட்டி முடிச்சதும் வளைவுல போய் நின்னு, கவுந்த காரையெல்லாம் எடுத்துக் காடியில வைக்கணும்பாங்க. நீ நைசா கீழ இறங்கி பீர் வாங்கப் போயிரு. அப்புறம் உன் கார் கவுறும்போது மார்ஷல் என்ன பண்ணுவான் தெரியுமா? மூக்குக் கண்ணாடியைக் கழட்டுவான், துடைப்பான், வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பான், மாட்டிக்குவான், அதுக்கப்புறம் காரை எடுப்பான். எங்க ஃபோர்மேன் ஒருத்தருக்கு இது நடந்துது. ரெண்டு நிமிஷம் லேட்டுன்னு அரைமணிக் கூலியை வெட்டுற மகராசன். வியாழக்கிழமை அவர் கார் கவுற வளைவுல நிக்கிறது எப்பவும் அவர்கிட்ட கூலி வெட்டு வாங்கின அப்ரண்டிஸ் பையன்தான். எப்படி அமைஞ்சுதுன்னு அவருக்குப் புரியவே இல்லை. மார்ஷல் பட்டியல் எழுதினவன் யாருன்னு அவர் கேக்கல, நானும் சொல்லல.

அமெரிக்காக்காரன் இதையே கடை போட்டு வித்தான். அறுபதுகளின் நடுவுல ஊர் ஊரா எட்டுத் தடப் பாதை, மணிக்கு இவ்வளவுன்னு வாடகை. பத்து வருஷம் தாங்கல, முக்காவாசிக் கடை மூடிப்போச்சு. எங்களுக்கு மூட என்ன இருக்கு? மதுக்கடை மாடி, சர்ச்சு ஹாலு, ஒரு கெட்டில். 1974 ஜனவரியில கரண்டு மிச்சம் பிடிக்கணும்னு சர்க்கார் கம்பெனிகளை வாரத்துல மூணு நாள்தான் ஓடச் சொன்னப்பகூட எங்க கார் ஓடுச்சு. கார் ஊர்ல 12 வோல்ட் பேட்டரிக்கா பஞ்சம்? நாலு பேட்டரியை மாடிக்குத் தூக்கினோம், விளக்குக்கு மெழுகுவத்தி. வேலைக்கு மூணு நாள், ரேஸுக்கு நாலு நாள்.

அப்புறம் ஒவ்வொண்ணாப் போச்சு. 1980-ல கேன்லியில டிரையம்ஃப் கார் செய்யிறதை நிறுத்தினான். ஹெர்பர்ட் லேத்துக் கம்பெனியும் அந்தச் சமயத்துலதான் சாஞ்சுது. 2005-ல பிரவுன்ஸ் லேன்ல ஜாகுவார் ஓட்டம் நின்னுது, 2006-ல ரைட்டன் கார் கம்பெனிக்கும் பூட்டு விழுந்துது. பெரிய கார் செய்யிறதை ஊரு குறைச்சுக்கிட்டே வந்துது, சின்னக் கார் செய்யிறவன் குறையல. வேலை போனவன் வியாழக்கிழமையை விடல. சொல்லப் போனா அவனுக்கு இருந்த ஒரே ஷிஃப்ட்டு அதுதான்.

உங்க காலத்துக்காரன் கெட்டிக்காரன். எண்பதுகளின் கடைசியிலருந்து பொம்மைப் பெட்டிக் காருக்கு அடியில காந்தம் வந்துருச்சு. அது பாதையிலயே ஒட்டிக்கும், உன் விரலுக்குப் புத்தி இருக்கணும்கிற அவசியமில்லை. 2004-லருந்து டிஜிட்டலாம், பொத்தானை அமுக்கினா கார் தடம் மாறுதாம். எங்க காலத்துல தடம் மாறினா மார்ஷல்தான் வரணும்.

இத்தனையும் சொன்னது தோக்கத்தான். தப்பித் தவறி ஜெயிக்கணும்னு ஆசை வந்தா, காந்தத்தைக் கழட்டி அம்மிக் கல்லுக்கு அடியில போடு. உன் கார் கவுறுற குறுகின வளைவுக்கு ரேஸ் அன்னிக்கு நீயாப் போய் மார்ஷலா நில்லு. ஒவ்வொருத்தன் எந்த இடத்துல விரலை எடுக்கிறான்னு காரைப் பாத்தே தெரிஞ்சுரும். ஒரு மாசம் நின்னாப் போதும், அந்த வளைவு உனக்குப் பாடம் ஆயிரும்.

எனக்கு ஒரு காரியம் பண்ணு. அலமாரியில என் பழைய பித்தளைச் சேசிஸ் இன்னும் இருக்கு, மோட்டாரும் சுத்துது. ஸ்பான்ஜ் டயர்தான் காஞ்சு உதிர்ந்துருச்சு. 32-ல ஒரு பங்கு அளவுக்குப் பின் டயர் ஒரு ஜோடி வாங்கி அனுப்பு. பார்சல் மேல மருந்துன்னு எழுதிரு. பில்லை உங்கப்பன் கண்ணுல காட்டிராதே.