உள்ளே என்ன பரல்?

கேள்வி: விடுமுறையில் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை செய்யலாம் என்று ஜிகினாத்தாள், பெயின்ட், பசை எல்லாம் வாங்கிவிட்டேன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: வாங்கியதைப் பரணில் ஏற்றிவைப்பதிலிருந்து. கோபப்படாதீர்கள், இரண்டு நாளில் இறக்கிவிடலாம். கிலுகிலுப்பை காதுக்கான சாமான். ஒட்டுவதையும் தீட்டுவதையும் முதலில் வைத்தால், பிள்ளை அழகான டப்பா ஒன்றைச் செய்து முடித்து, கடைசியில் அம்மா கொடுத்த ஒரு பிடி அரிசியைப் போட்டு மூடிவிடும். ஒலியைப் பற்றி அது ஒரு முடிவும் எடுத்திருக்காது. வெளித்தோற்றத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சிலப்பதிகாரத்து மதுரையில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் பார்வைக்கு ஒரே மாதிரி. அங்கே உள்ளே பரல் முத்து, இங்கே மாணிக்கம். கடினத்தில் முத்து மாணிக்கத்துக்கு ஏணி வைத்தாலும் எட்டாது. தீர்ப்புக்கு முன்னால் கண்ணகியின் சிலம்பை அரசியின் காதருகே ஒருமுறை ஆட்டிக் காட்டியிருக்கலாம் என்பது என் கட்சி.

ஆகவே, ஒரே அளவுள்ள மூன்று தகர டப்பாக்களை எடுங்கள். ஒன்றில் ரவை, ஒன்றில் அரிசி, ஒன்றில் கொண்டைக்கடலை. ரவை ஆயிரக்கணக்கில் மோதுவதால் தனித்தனி மோதல் காதில் பிரியாது, 'உஸ்' என்று ஒரே இழுப்பாக வரும். கடலை கொஞ்சம்தான் என்பதால் ஒவ்வொன்றும் 'டக் டக்' என்று தனியே பேசும். அரிசி இரண்டுக்கும் நடுவே. அதே கடலையைக் காகிதக் கோப்பைக்கு மாற்றினால் சத்தம் மழுங்கிப்போகும். பிள்ளைகள் விளிம்பு வரை நிரப்புவார்கள், தடுக்காதீர்கள். ஆட்டினால் ஒன்றும் கேட்காது. அசைய இடமில்லாதது மோதாது என்று அவர்களே கண்டுபிடித்துக் கொட்டிக் குறைப்பார்கள். கால் டப்பா போதும் என்று நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்த ஆராய்ச்சி போச்சு.

கேள்வி: அலங்கரிப்பதும் கற்பனைதானே? வண்ணத்தோடு உங்களுக்கு என்ன பகை?

பதில்: பகை ஏதுமில்லை, வரிசையில்தான் தகராறு. அலங்காரம் ஒலியைத் தொடாமல் விடுவதில்லை. தகர டப்பாவைச் சுற்றிக் கம்பளி நூலையோ தடித்த துணியையோ ஒட்டினால் அதன் அதிர்வு அடங்கி, கணீரென்ற சத்தத்துக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அதன் பழைய ஒலியைக் கேட்டிருக்கும் பிள்ளை வேண்டுமென்றே நூலைச் சுற்றும், அல்லது வேண்டாம் என்று விட்டுவிடும். கேட்காத பிள்ளைக்கு என்ன இழந்தோம் என்பதே தெரியாது. அலங்காரமே ஒலியாவதும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் யொரூபா மக்களின் ஷேகெரேயைப் பாருங்கள். காய்ந்த சுரைக்குடுக்கையின் மேல் மணி கோத்த வலையைப் போர்த்தியிருப்பார்கள். கண்ணைக் கவரும் அந்த மணிகள்தான் குடுக்கையில் மோதி ஒலிக்கின்றன. பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் பிள்ளைகளை மணிச்சரம் கட்டச் சொல்லுங்கள், நம் தகராறு தீர்ந்தது. நம்மூர் ஓலைக் கிலுகிலுப்பையும் இந்தக் கட்சிதான். சாயம் ஏற்றிப் பின்னிய ஓலையே அதன் அழகு, அதுவே அதன் கூடு.

கேள்வி: சோற்றுக்கான அரிசியைக் குலுக்கி விளையாடுவது பாவமில்லையா? பதிலாகக் குன்றிமணி போடலாமா? பார்க்க அவ்வளவு அழகு!

பதில்: அரிசி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். சோதித்து முடித்ததும் பானைக்கே திருப்பிவிடுங்கள். எப்படியும் மூடிவைத்த தானியத்தில் வண்டு விழும். நிலையாக வைத்துக்கொள்ளப் புளியங்கொட்டை, சிறு கூழாங்கல், அறுந்த மாலையின் மணி என்று தேடச் சொல்லுங்கள், தேடுவதே பாதி விளையாட்டு. குன்றிமணி மட்டும் கூடவே கூடாது. அதிலுள்ள அப்ரின் கொடிய நஞ்சு. கடித்து மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். பார்த்தீர்களா, மறுபடியும் அழகு முந்திக்கொண்டது! மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் எந்த மணியும் தொண்டையில் சிக்கலாம். மூடியைப் பசையால் ஒட்டி, மேலே இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். அப்போதும் கண்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். செலோடேப்பை நம்பாதீர்கள்.

கேள்வி: எல்லாம் சரி ஐயா, சத்தம் தாங்காமல் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறாரே?

பதில்: கிரேக்க அறிஞர் ஆர்க்கிட்டாஸின் கிலுகிலுப்பை நல்ல கண்டுபிடிப்பு என்று 'அரசியல்' நூலில் அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அது கையில் இருந்தால் பிள்ளை வீட்டுச் சாமான்களை உடைக்காதாம். சேதத்தைத் தவிர்க்க நாம் கட்டும் வரி அந்தச் சத்தம். ஹரப்பாவிலும் சுடுமண் உருண்டைக்குள் சிறு மண்மணிகள் போட்ட கிலுகிலுப்பைகள் கிடைத்திருக்கின்றன. 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய அண்டைவீட்டுக்காரர்களும் தாங்கித்தான் இருப்பார்கள். உங்களவருக்கு இந்தச் சரித்திரம் ஆறுதல் தராது என்றால் பரலை மாற்றுங்கள். தகரத்தில் கடலை, காலை 11 மணியிலிருந்து 12 வரை. மதியம் அவர் தலை சாய்க்கும் நேரத்தில் காகிதக் கோப்பையில் ரவை.