சுயவிலாசமிட்ட உறை

தபாலில் வேலை தேடுவது நல்லதா, ஆன்லைனில் தேடுவது நல்லதா என்று அக்கா பையன் கேட்டான். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறான். இரண்டிலும் தோற்றவன் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.

1996-ல் டிகிரி முடித்தேன். புதன்கிழமை வந்தால் கிளை நூலகத்தில் ஹிந்து பேப்பருக்கு அடிதடி. அன்றுதான் வேலை விளம்பரப் பக்கங்கள் வரும். கதவு திறந்ததும் முதல் ஆளாகப் பாய்ந்து எடுப்பேன். எடுத்து, கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பேன்.

விண்ணப்பம் என்றால் லேசா? மார்க் ஷீட் ஜெராக்ஸில் கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊரில் கைக்கு எட்டிய ஒரே கெஜட்டட் ஆபீசர் கால்நடை டாக்டர். வரிசையில் நின்றேன். ஒரு சினை மாட்டுக்கு அப்புறம் என் முறை. டாக்டர் என்னைவிட மாட்டைத்தான் அக்கறையாக விசாரித்தார்.

2014-ல் மத்திய அரசு, நகல்களில் நீங்களே கையெழுத்துப் போட்டால் போதும் என்றது. என் மார்க் ஷீட் உண்மை என்று நானே சொன்னால் எங்கள் அப்பாவே நம்ப மாட்டார்.

ஒருநாள் மூன்று கம்பெனிகளுக்கு மூன்று விண்ணப்பம் எழுதினேன். தபாலாபீசில் கயிறு கட்டிய பேனாவை இழுத்துப் பிடித்து விலாசம் எழுதி, பசை டப்பாவில் விரலை விட்டு ஒட்டி, பெட்டியில் போட்டேன். சிமெண்ட் கம்பெனிக்கு எழுதியது பிஸ்கட் கம்பெனிக்குப் போய்விட்டது. 'சிறுவயது முதலே சிமெண்டின் மீது எனக்குத் தீராத ஆர்வம்' என்று பிஸ்கட்காரர்கள் படித்திருப்பார்கள்.

பதிலுக்கு என்று சுயவிலாசமிட்ட உறையும் கூடவே அனுப்ப வேண்டும், தபால்தலை ஒட்டி. ஒரு வாரத்தில் என் கையெழுத்திலேயே எனக்குத் தபால் வரும். அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பிரிக்கச் சொல்வார். உள்ளே 'வருந்துகிறோம்' இருக்கும்.

ஆன்லைன் காலம் வந்தது. இனி மாடும் இல்லை, பசையும் இல்லை என்று நெட் சென்டரில் உட்கார்ந்தேன். போட்டோ 20 கேபிக்கு மேல், 50 கேபிக்குள். கையெழுத்து 20 கேபிக்குள். "அண்ணே, உங்க மூஞ்சி 4 எம்பி வருது" என்றான் சென்டர் பையன். சுருக்கினான். வந்த படத்தில் என் தாய்மாமா இருந்தார்.

வீட்டில் நெட் வந்ததும் ரெஸ்யூம் என்று நினைத்து ஈபி பில்லை அப்லோட் செய்ததெல்லாம் சின்னக் கதை. ஒரே க்ளிக்கில் அப்ளை செய்யலாம் என்று தெரிந்த ராத்திரி, அறுபது கம்பெனிகளுக்குத் தட்டிவிட்டேன். மறுநாள் போன். "சார், எந்த போஸ்டுக்கு அப்ளை பண்ணியிருக்கீங்க?" "மேடம், நீங்க எந்தக் கம்பெனி?" லைன் கட்.

அடுத்து வந்தது போன் இல்லை. நான் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸின் ஹெச்ஆர் நேரிலேயே வந்தார். அறுபதில் ஒன்று நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. சம்பளம் மட்டும் என் சம்பளத்தைவிட நாலாயிரம் கூட. "ஷார்ட்லிஸ்ட் பண்ணலை சார், அனுபவம் பத்தலை" என்றார்.

பீரோவில் சுயவிலாசமிட்ட உறை இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. ஆள் தேவைப்படுவோர் எழுதலாம். தபால்தலைதான் பழைய விலை. மீதிக் காசை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.