சாட்சிக் கூண்டில் குப்ரிக்

போன வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு இடப்பக்கம் அக்கா மகன், வலப்பக்கம் அவனுடைய சிநேகிதன். சாம்பார் முடிந்து ரசம் வருகிற நேரத்தில் பேச்சு கிறிஸ்டோபர் நோலனின் ‘இன்டர்ஸ்டெல்லர்’ பக்கம் திரும்பியது. “படம் நல்ல படம்தான். அந்தக் கடைசி அரை மணி நேரம், மெக்கானகே புத்தக அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தவிக்கிற இடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது” என்றேன். ஏன் இடிக்கிறது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ரசம் வந்தது, மோர் வந்தது, இலையையும் மூடியாயிற்று. காரணம் தொண்டையிலேயே நிற்கிறது.

“ஒங்களுக்குப் புரியல மாமா” என்று ஆரம்பித்தான் அக்கா மகன். “2001 வந்தப்பவும் விமர்சகருங்க இதத்தான் சொன்னாங்க.”

இந்த வாதம் உங்களுக்கும் தெரியும். நீங்களும் செய்திருப்பீர்கள். எந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தை யார் குறை சொன்னாலும் சரி, உடனே ஸ்டான்லி குப்ரிக்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். 1968-ல் ஏறிய மனுஷன் இன்னும் இறங்கவில்லை. 1999-ல் செத்தும் போய்விட்டார், சம்மன் மட்டும் நிற்கவில்லை. கூண்டில் அவர் சொல்லவேண்டியதும் மாறுவதில்லை: ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ முதல் காட்சிகளில் ஜனங்கள் பாதியில் எழுந்து போனார்கள், நான் சுமார் 19 நிமிடத்தை வெட்டினேன், பாலீன் கேல் என்ற அம்மையார் என் படத்தில் கற்பனையே இல்லை என்று எழுதினார். அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிடும். ஆகவே நேற்று வந்த படமும் காவியம்.

குறுக்கு விசாரணை என்று ஒன்று கிடையவே கிடையாது. அதே 1968-ல் ரோஜர் ஈபர்ட் முழுசாக நாலு நட்சத்திரம் கொடுத்தாரே என்று கேட்க ஆள் இல்லை. ‘நியூஸ்டே’ பத்திரிகையின் ஜோசஃப் கெல்மிஸ் முதலில் திட்டி எழுதிவிட்டு, மறுபடி போய்ப் பார்த்து, மாற்றி எழுதினாரே, அவரை யாரும் கூப்பிடுவதே இல்லை. மனசு மாறிய விமர்சகர் கதைக்கு ஆகமாட்டார்.

அடுத்த சாட்சி ரிட்லி ஸ்காட். 1982 ஜூன் 25, ‘பிளேடு ரன்னர்’. அன்றைக்கே ஜான் கார்ப்பென்டரின் ‘தி திங்’கும் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் ‘ஈ.டி.’ வந்து, அந்த மொட்டைத்தலைக் குட்டிக்காக அமெரிக்காவே அழுதுகொண்டிருந்தது. அழுத கண்ணோடு போனவர்களுக்கு கார்ப்பென்டர் ஒரு நாயின் முகம் பூப்போல விரிந்து பிளப்பதைக் காட்டினார். அடி விழாமல் என்ன செய்யும்? இரண்டும் அடிபட்டன, இரண்டையும் இன்று கொண்டாடுகிறார்கள். வாஸ்தவம்தான்.

ஆனால் ‘பிளேடு ரன்ன’ரில் எனக்கு ஒரு குறை உண்டு என்று சொல்லிப் பாருங்கள். “எந்த வெர்ஷன் பாத்தீங்க?” 1982-ல் வந்தது என்றால், அதில் ஹாரிசன் ஃபோர்டின் பின்னணிக் குரல் இருக்கிறது, அது கணக்கில் வராது. 1992-ல் வந்தது என்றால், பாவம், அதுவும் அரைகுறை. 2007 ஃபைனல் கட் என்றால் “வீட்லயா, தியேட்டர்லயா?” தியேட்டர் என்றால் “ஐமேக்ஸா?” இன்டர்ஸ்டெல்லருக்கும் இதே வாய்தாதான். 2024 டிசம்பரில் நம் ஊர் ஐமேக்ஸ் திரைகளை ‘புஷ்பா 2’ பிடித்துக்கொண்டதால் மறுவெளியீடு 2025 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. காத்திருந்து, ஊபருக்கு அழுது, கழுத்து வலிக்க அதையும் பார்த்தேன். “அது டிஜிட்டல் மாமா. 70 எம்.எம். ஃபிலிம்ல பாக்கணும்.” அதற்கு மெல்போர்ன் போகவேண்டுமாம். ஒரு படத்தைக் குறை சொல்ல விசா எடுக்க வேண்டிய காலம்.

இதற்குள் சிநேகிதன் இடது கையால் போனை எடுத்து ராட்டன் டொமேட்டோஸைக் காட்டினான். எழுபதுகளில் ஏதோ ஒரு சதவீதம். “இந்தப் படத்துக்கு இவ்ளோதான் போட்டிருக்காங்க சார்!” மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கிற பிளஸ் டூ பையனின் குரல் அது. தம்பி, அது மார்க் இல்லை, எத்தனை பேர் ‘தேவலை’ பக்கம் கை தூக்கினார்கள் என்கிற கணக்கு. நூறு பேரும் கொட்டாவி விட்டபடி “பரவாயில்லை” என்றால் நூறு சதவீதம். எழுபது பேர் உருகி உருகி எழுதி முப்பது பேர் முகம் சுளித்தால் எழுபதுதான். சொன்னேன். “அதான் சார், அந்த முப்பது பேர் யாரு?” என்றான். அவனுக்கு முகவரி வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் எங்கே என்றால், ஜான் டிரவோல்டாவை ஒருத்தரும் கூண்டில் ஏற்றுவதில்லை. 2000-ல் அவர் நடித்த ‘பேட்டில்ஃபீல்டு எர்த்’ வந்தது. சடைமுடி, மூக்கில் குழாய், படம் முழுக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே நிற்கும் கேமரா. விமர்சகர்கள் கிழித்தார்கள். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, இன்னும் அது மட்டமான படம்தான். அதன் திரைக்கதையில் பங்குள்ள ஜே.டி. ஷபீரோ 2010-ல் நேரிலேயே போய், மட்டமான படங்களுக்குக் கொடுக்கிற ராஸி விருதை வாங்கிக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். அவரைக் கூண்டில் ஏற்றினால் உண்மையைச் சொல்லிவிடுவார், அதுதான் பயம்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? படம் விட்டதும் வண்டி டோக்கனைத் தேடுவதற்கு முன்னால் விமர்சனத்தைத் தேடுகிற ஜாதி. எனக்குப் பிடித்ததை மெச்சியிருந்தால் எழுதியவர் மேதை, இல்லாவிட்டால் இவனையெல்லாம் யார் எழுதச் சொன்னது. ஆனாலும் வசூலும் வந்து, விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கரும் வாங்கிய ஒரு படத்துக்காக இந்தப் பிள்ளைகள் ஏன் அநாதைக்கு வழக்காடுகிற மாதிரி கண்கலங்குகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. எல்லோரும் பிடித்திருக்கிறது என்று சொல்லியே ஆகவேண்டுமா? ஒரு கிழவன் ஒரு அலமாரியைப் பற்றி முனகினால் கிறிஸ்டோபர் நோலன் தெருவுக்கா வந்துவிடுவார்?

நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா மகனிடமிருந்து செய்தி: “படத்துக்கு சயின்ஸ் சொல்லிக் கொடுத்த கிப் தார்னுக்கு 2017-ல நோபல். விமர்சகர் யாருக்காவது குடுத்தாங்களா மாமா?” கொடுத்தது ஈர்ப்பு அலைகளுக்குடா, படத்துக்கு இல்லை என்று தட்டச்சிட்டேன். தார்னே இந்தப் படத்தின் அறிவியல் பற்றி எழுதிய புத்தகத்தில் இது உண்மை, இது படித்தவன் ஊகம், இது வெறும் ஊகம் என்று மூன்றாகப் பிரித்துக் குறி போட்டிருக்கிறார் என்றும் சேர்த்தேன். படித்ததற்கான நீல டிக் விழுந்தது. பதிலுக்குக் கடைசிக் காட்சியை விளக்கும் நீளமான வீடியோ ஒன்று வந்தது. “மொதல்ல இதப் பாத்துட்டுப் பேசுங்க.”

பார்க்கவில்லை. ‘பேட்டில்ஃபீல்டு எர்த்’ டிரெய்லரை அனுப்பி, “இதையும் அப்போ யாருக்கும் புரியல” என்று கீழே எழுதினேன்.

“எந்த வெர்ஷன் மாமா?” என்று கேட்டிருக்கிறான்.