பதினைந்தில் கிழம், ஐம்பதில் பொக்கிஷம்

அனுப்புநர்: ஒரு கேரவன் உரிமையாளர், காடாம்புலியூர், பண்ருட்டி வட்டம்.

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: நின்றுகொண்டே முதுமை அடைந்த வண்டிக்கு வயதுத் தளர்வு கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

என்னிடம் ஒரு கேரவன் இருக்கிறது. 2010-இல் பதிவான டெம்போ டிராவலர். கரூரில் ஒரு பட்டறையில் விட்டு, உள்ளே கட்டில், சமையல் மேடை, கழிவறை எல்லாம் வைத்துக் கட்டியது. டீக்கடை முன்னால் நிறுத்தினால் “உள்ள எந்த ஹீரோ சார்?” என்று எட்டிப் பார்க்கிறார்கள். லுங்கியோடு நான் இறங்குவதைக் கண்டு அவர்கள் முகம் போகிற போக்குக்குத் தங்கள் அமைச்சகம் பொறுப்பல்ல என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

2025-இல் வண்டிக்கு 15 வயது முடிந்தது. ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன்பு இதே வேலைக்கு 600தான். கட்டினேன், ஐந்தாண்டு ஆயுள் கிடைத்தது. அடுத்த முறை வண்டி இருபதைத் தாண்டியிருக்கும். 2025 ஆகஸ்டில் தாங்கள் போட்ட கணக்குப்படி அப்போது 10,000.

பயந்துபோய்த் தங்கள் விதிகளை மேலும் புரட்டினேன். 2021-இல் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்திருக்கிறீர்கள். 50 வயது தாண்டியதற்கு ‘வி.ஏ.’ எழுத்துப் போட்ட தனி நம்பர் பிளேட். முதல் பதிவுக்கு 20,000, பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. அதாவது அறுபது வயது வண்டியைப் புதுப்பிக்க 5,000. இருபது தாண்டியதற்கு 10,000. பதினைந்தில் கிழம், ஐம்பதில் பொக்கிஷம். நடுவில் 35 ஆண்டு அதை எங்கே ஒளித்து வைப்பது என்று மட்டும் எந்த விதியிலும் காணோம். 2060 வரை ஒளித்து வைத்தாலும் எனக்குப் பயனில்லை. வண்டி பிறந்த மேனியாக இருக்க வேண்டுமாம்; நான் கட்டில் போட்டுவிட்டேன்.

என் கோரிக்கை வேறு. தாங்கள் காலண்டரைப் பார்த்து வயதை எண்ணுகிறீர்கள். கேரவன் ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள் அதிகம். எஞ்சின் என்னைக் கைவிட்டதே இல்லை. அது மெர்சிடிஸ் பென்ஸின் பழைய டீசல் வம்சம். டெம்போ டிராவலர் 1987 முதல் இந்த நாட்டில் ஓடுகிறது. பள்ளி வேனும் 108 ஆம்புலன்சும் இதே குடும்பம். அதனால் பண்ருட்டியில் மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை, சாமானுக்கும் பஞ்சமில்லை.

கெடுவது வண்டி இல்லை ஐயா, அதன் முதுகில் இருக்கிற வீடு. கூரையில் காற்றுக்காக வெட்டிய ஓட்டையைச் சுற்றி அடித்த சீலன்ட், சித்திரை வெயிலில் வெடிக்கும். ஐப்பசி மழை அந்த வழியாக இறங்கும். சுவரில் ஈரம் தெரிகிறபோது உள்ளே பிளைவுட் ஊதி, உளுத்து முடிந்திருக்கும். சார்ஜ் இல்லாமல் கிடந்தால் விளக்குக்கும் ஃபேனுக்கும் வைத்த பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து அது செத்துப்போகும். டயரில் பட்டன் புதுசு மாதிரியே இருக்கும், பக்கவாட்டில் ரப்பர் வெடித்திருக்கும். டயர் செய்த வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நான்கு இலக்கத்தைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். நிழலுக்காக முந்திரி மரத்தடியில் விட்டால் பழம் விழுந்து கறை, எலி ஏறி ஒயர் காலி. இவற்றில் எதையாவது ஆர்.சி. புதுப்பிக்கப் பார்க்கும் எஃப்.சி. கேட்கிறதா? பிரேக், ஹெட்லைட், புகை. கூரை ஒழுகுகிற வண்டியும் பாஸ். ஏணி போட்டு ஏறி சீலன்ட் அடிக்கிறவனுக்கும் அதே கட்டணம்.

ஏன் நிறுத்தி வைக்கிறாய், ஓட்டுவதுதானே என்று கேட்பீர்கள். எங்கே போவது? என் வண்டி பிறந்த அதே 2010-இல் மத்திய சுற்றுலா அமைச்சகம், கேரவனை நிறுத்தித் தங்கும் பூங்காக்களுக்கு ஒரு கொள்கை வெளியிட்டது. கேரளம் 2021-இல் தனியாக ஒரு திட்டம் போட்டு வாகமண்ணில் பூங்காவும் கண்டது. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வரை, எங்கள் ஊர் வழியாகப் போகும் சாலையில், அப்படி ஒன்று என் கண்ணில் பட்டதில்லை. பக்கத்து நெய்வேலியில் பிறக்கும் மின்சாரம் கேரளம், கர்நாடகம் வரை போகிறது. நடுவில் ஒரு கேரவனுக்குப் பிளக் பாயிண்ட் இல்லை. அந்தக் கொள்கைக்கும் 15 முடிந்துவிட்டதே, அதற்கு எஃப்.சி. யார் பார்த்தார்கள்?

வயதான வண்டி சாதிக்காது என்றும் இல்லை. 1982-இல் நடிகர் என்.டி.ஆர். ஓட்டுக் கேட்டு ஆந்திரத்தைச் சுற்றிவந்த சைதன்ய ரதம், 1940 மாடல் ஷெவர்லே வேன். நாற்பது வயது தாண்டிய அந்த வண்டி 1983 ஜனவரியில் அவரை முதலமைச்சர் நாற்காலியில் கொண்டுபோய் இறக்கியது. என் வண்டி என்னைத் தரங்கம்பாடியில் இறக்கினால் போதும்.

வயதைத் தள்ளிப்போடுவது அரசுக்குத் தெரியாத வித்தையும் அல்ல. தமிழக அரசு ஊழியர் ஓய்வு வயது 2020-இல் 58-இலிருந்து 59 ஆனது, அடுத்த ஆண்டே 60. அதுபோல் ஓடாத காலத்தைக் கழித்து மீதியை என் வண்டியின் வயதாக எழுதித் தர வேண்டுகிறேன். ஓடோமீட்டரைத் திருப்பிவிடுவார்கள் என்று தாங்கள் சந்தேகிக்கலாம். சந்தேகம் நியாயமானதே. அப்படியானால் கூரைமேல் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, உள்ளே கட்டிலில் அதிகாரி ஒருவரைப் படுக்கவைத்துப் பாருங்கள். நனையாமல் எழுந்தால் பாஸ். குடமும் தலையணையும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வண்டிக்குள்ளிருந்து.

நகல்: சுற்றுலா அமைச்சகம் (தங்கள் கொள்கையையும் கூட்டிக்கொண்டு வரவும்).