சுக்கான் யார் கையில்?

கேள்வி: இடைக்கால ஐரோப்பாவில் போப்பும் பேரரசரும் எதற்காக மல்லுக்கு நின்றார்கள்?
– வாசகர், செகாமட்

பதில்: ஆயரை யார் நியமிப்பது என்பதற்காக. அன்றைய ஆயருக்குக் கோயில் மட்டுமா சொந்தம்? ஊரும் வரியும் போர்வீரரும் அவர் பொறுப்பில்தான். பேரரசர் நான்காம் ஹென்றி தன் ஆட்களை அந்த நாற்காலிகளில் உட்கார வைத்தார். போப் ஏழாம் கிரகோரி அவரைச் சபையை விட்டே விலக்கினார். 1077 ஜனவரியில் கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் பனியில் நின்று ஹென்றி மன்னிப்புக் கேட்டார்.

கேள்வி: அப்படியானால் ஜெயித்தது போப்தானே?
– வாசகி, குளுவாங்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. 1084-இல் அதே ஹென்றி படையோடு ரோமாபுரியைப் பிடித்தார். மறு ஆண்டு கிரகோரி ஊர்விட்டு ஊர் போய் சலேர்னோவில் இறந்தார். 1122-இல்தான் வோர்ம்ஸ் நகரில் ஓர் உடன்பாடு: மோதிரமும் கோலும் திருச்சபை கொடுக்கும், நிலபுலத்துக்கான செங்கோலைப் பேரரசர் கொடுப்பார்.

கேள்வி: ஐரோப்பாக்காரர் சண்டை நமக்கு எதற்கு ஐயா?
– வாசகர், பத்து பகாட்

பதில்: நம் பக்கத்து வாசலில், மலாக்காவிலேயே அது நடந்திருக்கிறதே! ஆசியாவில் மதப்பணிக்கு ஆகும் செலவைப் போர்ச்சுகல் அரசர் ஏற்றார். பதிலுக்கு ஆயர்களை முன்மொழியும் உரிமையைப் போப்புகள் அவருக்குக் கொடுத்தார்கள். நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே உழைத்த புனித சவேரியார் அந்த அரசரின் கப்பலில் வந்தவர். போப்பின் தூதர் என்ற நியமனக் கடிதமும் அவரிடம் இருந்தது. இரண்டு எசமானர்கள் என்றால் ஒருநாள் உரசத்தானே செய்யும்?

1552-இல் உரசியது. சவேரியார் சீனாவுக்குப் புறப்பட்டார். நண்பர் தியோகோ பெரேராவை அரசத் தூதராக அழைத்துப்போக ஏற்பாடு. கப்பலின் பெயர் சாந்தா குருஸ். மலாக்காத் தளபதி அல்வாரோ, வாஸ்கோ ட காமாவின் மகன், கப்பலின் சுக்கானையே கழற்ற வைத்துவிட்டார். போப்பின் கடிதத்தைச் சவேரியார் அப்போது வெளியே எடுத்தார். தளபதி மசியவில்லை. சபை விலக்கம் விழுந்தது. அதன் பிறகும் கப்பலைத் தன் ஆட்களோடு அனுப்பியவர் தளபதிதான். பெரேரா கரையில் நின்றுவிட்டார். அந்த டிசம்பரில் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் சவேரியார் காய்ச்சலில் இறந்தார். கடிதத்தில் இருந்த அதிகாரம் கப்பலை நகர்த்தவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

கேள்வி: இதில் ஜொகூருக்குப் பங்கு உண்டா?
– வாசகர், கோத்தா திங்கி

பதில்: பெரும்பங்கு. 1511-இல் மலாக்காவைப் போர்ச்சுகீசியரிடம் இழந்த அரச குடும்பம் அமைத்த அரசுதானே ஜொகூர்! 1558-இல் மலாக்கா தனி மறைமாவட்டம் ஆனது. 1641-இல் ஜொகூர் டச்சுக்காரரோடு சேர்ந்தது, கோட்டை விழுந்தது, கத்தோலிக்க வழிபாட்டுக்கே தடை வந்தது. ஆயரை முன்மொழியும் உரிமை காகிதத்தில் இருந்தது. உட்கார நாற்காலி இல்லை.

கேள்வி: தமிழ்நாட்டில் இந்த அரச உரிமை எப்போது முடிந்தது?
– வாசகி, கூலாய்

பதில்: 1950-இல்! 1606-இல் தோன்றிய மயிலாப்பூர் மறைமாவட்டத்தில், இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகும் லிஸ்பனுக்குக் குரல் இருந்தது. சாந்தோம் கடற்கரையில் முழங்காலிட்ட மீனவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டிருக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: இன்று ஜொகூரில் மதத்தில் யார் சொல் செல்லும்?
– வாசகர், மூவார்

பதில்: கத்தோலிக்கருக்குப் போப். 1972-இல் அமைந்த மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டத்துக்கு பெர்னார்ட் பாலை 2014-இல் ஆயராக நியமித்தவர் போப் பிரான்சிஸ். இஸ்லாத்துக்கு, அரசியல் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, மாநிலத் தலைவர் சுல்தான். உங்கள் ஊரிலேயே 2017-இல் முஸ்லிம்களுக்கு மட்டும் என்று பலகை வைத்த டோபி கடையை நினைத்துப் பாருங்கள். சுல்தான் இப்ராஹிம் கண்டித்தார், கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு எல்லாருக்கும் திறந்தார். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

கேள்வி: பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை எப்படிச் சொல்வது?
– ஆசிரியை, ஸ்கூடாய்

பதில்: மலாக்கா செயின்ட் பால் குன்றுக்குக் கூட்டிப்போங்கள் டீச்சர். கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் சவேரியார் உடலை 1553-இல் வைத்திருந்த குழி, கூரையில்லாத அந்தக் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. சுக்கான் கதையை அங்கே நின்று சொல்லுங்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்கே கிளம்புங்கள்.