மூக்கால் குடிப்பவர்

போர்தோ நகரத்தில் யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் பசியோடு போகாதீர்கள். வீட்டுக்காரர் ஒயின் பண்டிதராக இருந்துவிட்டால், முதல் மிடறு தொண்டையில் இறங்குவதற்குள் பந்தியே ஆறிப்போகும்.

எனக்கு வாய்த்தவர் அந்த ரகம். போயாக் ஊர்ச் சிவப்பு ஒயின் புட்டியை, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நிலவறையிலிருந்து தூக்கி வந்தார். தக்கையைப் பிடுங்கி முகர்ந்தார். "கறி வெந்துவிட்டது" என்றார் மனைவி. "ஒயின் இன்னும் மூச்சுவிடவில்லையே!" என்று அதைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றினார் இவர். ஒரு மணி நேரம் ஒயின் மூச்சுவிட்டது, நாங்கள் பெருமூச்சுவிட்டோம்.

அதுவரை பொழுதுபோக வேண்டுமே? மூன்றாம் நெப்போலியன் 1855 பாரிஸ் கண்காட்சிக்காகப் போடச் சொன்ன போர்தோ ஒயின் தரவரிசை அவருக்கு சகஸ்ரநாமம். ஐந்து படிகளையும் வரிசை பிசகாமல் ஒப்பித்தார். 1973-இல் முத்தோன் ரோத்சில்ட் ஒயின் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியதை, சொந்த மகனுக்குப் பதவி உயர்வு கிடைத்த பூரிப்போடு சொன்னார்.

சூப் வந்தது. யாரும் கரண்டியைத் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை. அவர் கிளாஸில் கால்வாசி ஊற்றி, வெள்ளை மேஜைத்துணிக்கு மேல் சாய்த்து நிறம் பார்த்தார், சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார். "காசிஸ் பழம்... சுருட்டுப் பெட்டி... ஆகா, பென்சில் சீவல்!" பென்சில் சீவலை நான் கடைசியாக முகர்ந்தது மூன்றாம் வகுப்பில். பிறகு ஒரு மிடற்றை வாயில் நிறுத்திக் காற்றை உறிஞ்சினார். அடைத்த குழாய் திறந்துகொண்ட சத்தம் கேட்டது.

ஆனால் ஆசாமியிடம் சரக்கு இருந்தது. ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான், கொட்டைப்பாக்கு மென்ற மாதிரி நாக்கு வறள்கிறது. கூடவே கறியைக் கடித்தால் அதன் புரதமும் கொழுப்பும் குறுக்கே வந்து துவர்ப்பை அடக்கிவிடும். அதனால்தான் போயாக் ஒயினுக்குப் போயாக் ஆட்டுக்குட்டி. மீனோடு சேர்ந்தால் கவிச்சை தூக்கும். மிளகாயோடு சேர்ந்தால் எரிச்சல் ஏறும்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் படித்த 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்த ஆய்வு 2001-இல் வெளிவந்ததே என்றேன். அவர்கள் சிவப்பு ஒயினின் மணங்களை வர்ணித்துத் தள்ளியிருந்தார்கள். "மாணவர்கள்தானே!" என்று கண்ணை மூடி மறுபடியும் முகரப் போய்விட்டார்.

அந்தக் கண்மூடலுக்காகவே காத்திருந்தவர்போல, பெரிகோர் கிராமத்திலிருந்து வந்திருந்த அவருடைய அப்பா ஜாடியை எட்டி எடுத்தார். அதற்குள் ஓசைப்படாமல் குடித்து, கிண்ணத்தின் அடியில் மிச்சம் வைத்திருந்த சூப்பில் தாராளமாக ஒயினை ஊற்றினார், இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார், மீசையைத் துடைத்துக்கொண்டார். தென்மேற்கு பிரான்ஸின் உழவர்கள் இதை 'ஷாப்ரோ' என்பார்கள்.

பண்டிதர் கண் திறந்தார். முகம் ஒயினைவிடச் சிவந்தது. "அப்பா, அது போயாக்!"

"தெரியும். சூப்போடு நன்றாகச் சேர்கிறது."

அன்று அந்த மேஜையில் சூப்பைச் சூடாகக் குடித்தவர் அவர் ஒருவர்தான்.